கைராசிக்காரி கொடுத்த பூனைகள்

முத்தையாபுரத்தில் பகவதியின் பலசரக்குக் கடைக்கு வழி கேட்டால் ஒருவரும் பெயர்ப்பலகையில் இருக்கிற பெயரைச் சொல்லமாட்டார்கள். "பூனக் கடையா? அன்னா, அந்த வேப்பமரத்துக்கு எதுத்தாப்ல" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே விற்பதென்னவோ அரிசி, பருப்பு, சீனி, சோப்புதான். பூனையைப் பகவதி விற்றதே இல்லை, சும்மாதான் கொடுப்பாள். அதிலும் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். புதிதாகக் கடை திறக்கிறவர்களுக்கு மட்டும்தான்.

இதெல்லாம் எலியால் வந்த வினை. ஐந்து வருடத்துக்கு முன்னால் கடையின் பின்கட்டில் மூட்டை அடுக்கினால் காலையில் பாதி மூட்டை தரையில் கிடக்கும். பகவதியின் புருஷன் வெள்ளத்துரை பொறி வைத்தார், விஷம் வைத்தார், கடைசியில் கடையை மூடிவிட்டுத் துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்று நின்றார். அந்தச் சமயம் பார்த்து, சரக்கு இறக்க வந்த லாரியின் தார்ப்பாயிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பூனைக்குட்டி குதித்தது. அன்றைக்குக் குதித்ததுதான், பிறகு அது போகவே இல்லை. எலி ஒழிந்தது. வியாபாரமும் எப்படியோ தூக்கிக்கொண்டது. குட்டி வளர்ந்து தடித்து, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் அரைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தது. லோடு இறக்குகிறவர்கள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளத்துரையைவிட அதற்குத்தான் மரியாதை என்று அவரே புலம்புவார்.

அந்த வருடமே வெள்ளத்துரையின் தம்பி முறையுள்ள சுந்தரராஜ் பக்கத்தில் அரிசிக்கடை திறந்தான். யாரோ கடை வாசலில் அட்டைப்பெட்டியோடு விட்டுப்போன குட்டியொன்று பகவதியிடம் இருந்தது. விளையாட்டாக அதை ஓலைக்கொட்டானில் வைத்து எடுத்துப்போய், பால் காய்ச்சுவதற்கு முன்னால் சுந்தரராஜின் கல்லா மேஜையில் இறக்கிவிட்டாள். அரிசிக்கடை அப்படி ஓடியது. அவ்வளவுதான், பகவதிக்குக் கைராசி என்று பேச்சு கிளம்பிவிட்டது. பேக்கரி திறந்தவன், பூக்கடை போட்டவள், செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தவன் எல்லோரும் வந்து நின்றார்கள். "யக்கா, ஒங்க கையால ஒரு குட்டிய எறக்கிவிட்டிரணும்" என்பார்கள். பகவதிக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, கடை வெள்ளத்துரை அண்ணாச்சி கடையாகவும் வீடு வெள்ளத்துரை அண்ணாச்சி வீடாகவும்தான் இருந்தன. அவளுக்கென்று ஒரு பேர் வந்தது இந்தப் பூனைகளால்தான்.

அவள் ஒன்றும் ஏனோதானோவென்று கொடுக்கிறவள் இல்லை. எந்தக் குட்டி வந்தாலும் முதலில் மேனேஜரிடம் விட்டுவிடுவாள். மேனேஜர் அதைக் காலால் அமுக்கிக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் நக்கிவிடுவான். ஆண் பூனை குட்டியைக் கண்டால் கடிக்கும் என்பார்கள். இவன் பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொள்வதைச் சனங்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். சோறும் சாளை மீனும் பிசைந்து ஒரே அலுமினியத் தாம்பாளத்தில்தான் வைப்பாள். தனித்தனித் தட்டு வைத்தால் பின்னால் சண்டைக்காரப் பூனையாகப் போகும் என்பது அவள் கணக்கு. ஒதுங்கி நிற்கிற குட்டியைப் பிடரியைப் பிடித்துக் கொண்டுவந்து மேனேஜர் வாய் வைத்த இடத்திலேயே முகத்தை அழுத்துவாள். அப்படி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் குட்டி வெளியே போகும். இடையில் ஒன்றிரண்டு இளைத்துச் செத்துப்போவதும் உண்டு. சவலைக் குட்டி, கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு, முருங்கை மரத்து மூட்டில் புதைத்துவிடுவாள்.

போன வருடம் அவள் மகள் ஐஸ்வர்யாவும் மருமகனும் குலசேகரன்பட்டினத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் திறந்தார்கள். ஊருக்கெல்லாம் கொடுத்தவள் சொந்த மகளுக்குக் கொடுக்காமல் இருப்பாளா? இருக்கிறதில் நல்லதாக, செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் குட்டியைப் பொறுக்கி, மேனேஜரிடம் கூடுதலாக ஒரு மாதம் விட்டுவைத்துக் கொடுத்தாள். செம்பி என்று பெயர். ஐஸ்வர்யாவின் கைக்குழந்தை தவழ ஆரம்பித்தபோது அதன் பின்னாலேயே செம்பியும் திரிந்தது.

சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் ஐஸ்வர்யா போன் செய்தாள்.

"யம்மா, செம்பி சோறு தின்னு நாலஞ்சு நாளாவுது. தூத்துக்குடில ஒரு டாக்டர்ட்ட தூக்கிட்டு வந்திருக்கேன். நீயும் கெளம்பி வாயேன், எனக்குப் பயமா இருக்கு."

"பூனைக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமாளா? ரெண்டு நா பட்டினி கெடந்தா சரியாயிரும்" என்று சொன்னாலும், மகளின் குரல் சரியில்லை என்று பகவதி பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டர் பிரேமா சின்ன வயதுப் பெண். செம்பியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெளுத்துக் கிடந்தது. காலிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு துளியைச் சின்ன பிளாஸ்டிக் பட்டையில் விட்டாள். கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரியேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் இரண்டு கோடு விழுந்தது.

"ஃபீலைன் லுக்கேமியா வைரஸ்" என்றாள் டாக்டர்.

லுக்கேமியா என்ற சொல் ஐஸ்வர்யாவுக்குத் தெரியும். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ரத்தப் புத்துநோய்மா" என்று அவள் சொன்னதும் பகவதிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"பூனைக்கா? என்ன டாக்டரம்மா சொல்லுதிய?"

"எல்லாத்துக்கும் புத்துநோயா வரும்னு இல்லம்மா. இது ஒரு வைரஸ். ரத்தம் ஊறவிடாது, எதிர்ப்புச் சக்திய அழிச்சிரும். சிலதுக்குக் கட்டியாவும் வரும். குணப்படுத்த மருந்து இல்ல. கஷ்டமில்லாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு சாம்பிள சென்னை லேபுக்கும் அனுப்பி உறுதி பண்ணிக்குவோம்." பிறகு கேட்டாள்: "இது எங்கேர்ந்து வந்த குட்டி?"

"நாந்தான் குடுத்தேன்."

"உங்க வீட்டுல வேற பூனை இருக்கா? இது எச்சில்ல பரவும். ஒண்ணையொண்ணு நக்கிவிடறது, ஒரே தட்டுல சாப்பிடறது, கடிக்கிறது, தாய்கிட்டேர்ந்து குட்டிக்கு வர்றது. குட்டியா இருக்கும்போதுதான் சீக்கிரம் தொத்தும்."

பகவதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டுல சீக்குப் பூன கெடையாது. ஒருத்தன்தான் இருக்கான். அஞ்சு வருசத்துல ஒரு தும்மல் தும்முனதில்ல. வேணும்னா வந்து பாருங்க, புலிக்குட்டி கணக்கா இருப்பான்."

டாக்டர், "அவனையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஒருநாள் என்ன ஒருநாள், மறுநாளே கூட்டிக்கொண்டு போனாள். வழக்கில் ஜெயிக்கப் போகிறவளைப் போலத்தான் போனாள். மேனேஜரின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே துண்டு கட்டி எடுத்துப்போனாள். டாக்டர் ஊசி குத்தும்போதுகூட அவன் அசையவில்லை. "எம்புட்டு அமைதி பாருங்க" என்று அங்கே காத்திருந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

இரண்டு கோடு விழுந்தது.

பகவதி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்தி வச்சிட்டியளோ? நேத்து செம்பிக்குப் பாத்த பட்டையோ?" என்றாள். டாக்டர் புதிதாக ஒன்றை அவள் கண்ணெதிரிலேயே பிரித்து வைத்தாள். அதிலும் விழுந்தது. மேனேஜர் மேஜையில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"சில பூனை இப்படித்தாம்மா, வருஷக்கணக்கா வெளியில ஒண்ணுமே தெரியாது. ஆனா எச்சில்ல வைரஸ் போய்க்கிட்டே இருக்கும்" என்றாள் டாக்டர்.

"நான் எத்தன கடைக்குக் குட்டி குடுத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணு செத்துச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்லயே!"

"விசாரிச்சுப் பாருங்க. இவன வீட்டுக்குள்ளயே தனியா வைங்க. வேற பூனைகூட சேர விடாதீங்க, வெளியவும் விடாதீங்க. ஆளுங்களுக்கு இது வராது, குழந்தைக்கும் வராது. அந்தப் பயம் வேண்டாம்."

பகவதிக்கு அப்போது மனசில் நின்றது முதல் இரண்டு வார்த்தை மட்டும்தான். விசாரிக்கத்தான் போகிறாள். விசாரித்துவிட்டு வந்து இந்தப் பிளாஸ்டிக் பட்டையை டாக்டரின் முகத்திலேயே எறியப் போகிறாள். பொய் சொல்வது மேனேஜரா, அந்தக் கோடா என்று பார்த்துவிட வேண்டியதுதான். மேனேஜரை வீட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

சுந்தரராஜ் அரிசி அளந்துகொண்டிருந்தான். பூனையைப் பற்றிக் கேட்டதும் அவன் கை ஒரு கணம் நின்று மறுபடி அளந்தது. "அது எங்கனயோ ஓடிப் போச்சு மைனி. ஒங்கட்ட அப்பமே சொன்னேம்லா? பொறவு நீங்க இன்னொண்ணு குடுத்திய. அதுவும் ஓடிட்டு."

சொன்னான்தான். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. 'ஓடிட்டா? சவம் போவட்டு, இன்னொண்ணு தாரேன்' என்று சிரித்துக்கொண்டே கொடுத்தது இவள்தான். பேக்கரிக்காரனும் ஓடிப்போச்சு என்றான். ரீசார்ஜ் கடைக்காரனும் அதையே சொல்லிவிட்டு, மூக்கைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டான். ஒரு பூனை ஓடலாம், இரண்டு ஓடலாம். இத்தனை பூனை எங்கே ஓடும்? ஓடின பூனையை எல்லோரும் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள்? 

பூக்கடை சீனித்தாய் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். பகவதி போய் அவளுக்கு முன்னால் பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

"ஏளா சீனித்தாய், ஒனக்குக் குடுத்த பூன எங்க?"

"அது... ஓடிப் போச்சுக்கா."

"எந்திரிக்கத் தெம்பு இருந்துச்சா அதுக்கு, ஓடதுக்கு? எங்கிட்ட உண்மையச் சொல்லு. நான் ஒண்ணும் கோவிக்க மாட்டேன்."

சீனித்தாய் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே போட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "செத்துப் போச்சுக்கா. வாயெல்லாம் வெள்ளையாயி, சோறு எறங்காம, பைய பையத்தான் செத்துச்சு. எம் மடியிலதான் கெடந்துச்சு. ஒங்கள்ட்ட எப்படிச் சொல்ல? கைராசிக்காரவியட்டப் போயி நீங்க தந்தது செத்துட்டுன்னு சொன்னா கடைக்கு ஆவாது, கேக்கவியளுக்கும் மனசு சங்கடப்படும், ஓடிட்டுன்னு சொல்லிரு அப்படின்னு எங்க அத்த சொல்லிட்டாவ."

"ரெண்டாவது குடுத்தேனே?"

"அதுவுந்தாங்க்கா."

பகவதி கீழே கிடந்த சரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். நம் ஊரில் இது ஒரு மரியாதை. யாராவது ஆசையாகக் கொடுத்த செடி பட்டுப்போனாலும் ஆடு தின்றுவிட்டது என்போம், கொடுத்த கோழி செத்தாலும் நாய் கொண்டுபோய்விட்டது என்போம். கொடுத்தவர் மனம் கோணக்கூடாது. இதைப் பகவதியும் எத்தனையோ தடவை செய்தவள்தான். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடைக்குத்தான் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, பூனையைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, அவளிடம் வந்து சிரித்த முகமாக ஓடிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் சிரித்த முகமாக, மேனேஜர் நக்கி வளர்த்த அடுத்த குட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரே ஒருத்தர் முதல் பூனை செத்த அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால்? அவளுக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. உடனே, யார் மேல் ஆத்திரப்படுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஒதுங்கி நின்ற குட்டிகளின் முகத்தைத் தாம்பாளத்தில் அழுத்தியது அவளுடைய இந்தக் கைதானே.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. முன்பக்கம் கடையில், கல்லாவில் வெள்ளத்துரை மட்டும் இருந்தார்.

"மேனேஜர் எங்க?"

"ஐஸ்வர்யா போன் பண்ணி அழுதா. இவன்ட்டேர்ந்துதான் செம்பிக்கு வந்திருக்கும், கேன்சர் கிருமின்னு சொல்லுதா. பேரப்புள்ள வந்து போற வீடு, இதுல அத வச்சிக்கிட்டு என்ன செய்ய? சாக்குல கட்டி வண்டியில கொண்டுபோயி ஹார்பர்ல விட்டுட்டேன்."

"எந்த ஹார்பர்ல?"

"மீன்பிடி ஹார்பர்லதான். நான் என்ன அடிச்சா போட்டேன்? அங்கன மீன் கெடக்கு, நூறு பூன கெடக்கு, அதுவளோட நல்லா இருப்பான்."

பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். வாய் குழறியது. "ஆளுக்கு அது வராதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே! அது பூனைக்குத்தான் வரும்! நூறு பூன கெடக்க எடத்துல கொண்டுபோயி விட்டிருக்கியளே, வெளங்குவியளா நீங்க? வண்டிய எடுங்க, எடுங்கன்னா எடுங்க!"

கட்டின நாளிலிருந்து அவள் அப்படிக் கத்தி வெள்ளத்துரை கேட்டதில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். உப்பளத்தைத் தாண்டிப் போகும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அவள் அழுகிறாளா, கண் எரிகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயந்தார்.

சாயங்கால நேரம். விசைப்படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. ஐஸ் உடைக்கிற சத்தமும் ஏலம் கூவுகிற சத்தமும் காதை அடைத்தன. எங்கே பார்த்தாலும் பூனை. படகுக்கு அடியில் பூனை, வலைக் குவியல் மேல் பூனை, கூடைக்கு முண்டியடிக்கிற பூனை. பகவதி நடுவில் நின்று, "மேனேஜரே! ஏ மேனேஜரே!" என்று கூப்பிட்டாள்.

"எந்தக் கம்பெனி மேனேஜரக்கா தேடுதிய?" என்று ஒருவன் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து குனிந்து பெட்டிகளுக்கு அடியில் தேடிக்கொண்டே போனாள். வெள்ளத்துரை, தான் எந்த இடத்தில் சாக்கை அவிழ்த்தோம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஏலக் கூடத்தின் கோடியில் ஒரு பெண் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. அவள் பெயர் ஜெமி என்று பிறகு தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில், ஈரச்சாக்கின் மேல், மேனேஜர் உட்கார்ந்திருந்தான். காலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. உள்ளங்கை அளவுகூட இல்லை. அதை அமுக்கிக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் நக்கிக்கொண்டிருந்தான். குட்டி கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தது.

பகவதி பாய்ந்து போய் மேனேஜரின் பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். அவன் திமிறவில்லை. அவளை அடையாளம் கண்டு, அவள் கழுத்தில் முகத்தை வைத்துக் கொர்ர்ரென்று செல்லம் கொஞ்சத் தொடங்கினான். அவன் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவனைக் கீழே போடவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"ஒங்க பூனயாக்கா?" என்றாள் ஜெமி. "நல்ல குணம் அதுக்கு. எங் குட்டிக்குத் தாயி இல்ல, படகு நசுக்கிட்டு. காலையிலேர்ந்து கத்திக்கிட்டே கெடந்தது, இவன் வந்த பொறவுதான் அடங்கிச்சு. வீட்டுக்குக் கொண்டுபோவலாம்னு பாத்தேன். ரெண்டும் ஒண்ணாவே கெடக்கட்டும், இவனையும் தாங்களேன்."

"ஓடிப்போயிரும், இது நெலையா நிக்காத பூன" என்று வெள்ளத்துரை முந்திக்கொண்டார். மனைவியின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"ஓடாது" என்றாள் பகவதி. "இதுக்கு நோய் இருக்கு தாயி. பாத்தாத் தெரியாது. இவன் எச்சில்லதான் இருக்கு. இவங்கூட வளந்து நான் ஊருக்கெல்லாம் குடுத்த குட்டியெல்லாம் செத்துப்போச்சு. எம் மகளுக்குக் குடுத்ததும் சாவக் கெடக்கு."

ஜெமியின் கையிலிருந்த மீன் நழுவிக் கூடையில் விழுந்தது. சாக்கில் கிடந்த குட்டியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அப்ப எங் குட்டி?"

ஒண்ணும் ஆவாது என்று சொல்லிவிட பகவதிக்கு வாய் வரைக்கும் வந்தது. "தெரியல" என்றாள். "இப்ப ரத்தம் எடுத்தாலும் தெரியுமோ என்னமோ. டாக்டரம்மாட்டதான் கேக்கணும். வேற பூனகூட சேக்காம தனியா வச்சிரு. நாளைக்கு நானே வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்."

 குட்டியின் தலையில் ரோமம் இன்னும் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. ஜெமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.